“இல்லை” அழுத்தினாலும் விண்டோ மூடிக்கொள்கிறது, ஸ்விங்கில் என்ன தப்பு?

கல்லாப்பெட்டி · வெள்ளி இரவு 9:12

வணக்கம். மாமாவின் பெயிண்ட் கடைக்கு ஒரு பில்லிங் ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விண்டோ, பட்டனுக்கெல்லாம் ஜாவாவின் ஸ்விங் லைப்ரரி, பின்னால் பில்களைக் கோப்பில் வைக்க எச்2 டேட்டாபேஸ். ஆறு மாதமாக வம்பில்லாமல் ஓடியது. போன வாரம் கல்லாவில் உட்காரும் அண்ணன் ஒரு மேஸ்திரிக்குப் பெரிய பில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பிரைமர், பட்டி, 20 லிட்டர் எமல்ஷன் நாலு பக்கெட், உப்புத்தாள் என்று பதினாலு வரி அடித்தாயிற்று. கை தவறி மேல் மூலைப் பெருக்கல் குறியைத் தட்டிவிட்டார். எல்லாம் போச்சு. மேஸ்திரியை நிற்க வைத்து மறுபடி முதலிலிருந்து அடித்தாராம். மாமாவிடம் திட்டு வாங்கியது நான்.

சரி என்று மூடுவதற்கு முன்னால் கேட்கும்படி ஒரு டயலாக் போட்டேன். விண்டோ லிஸனர் (விண்டோவுக்கு ஏதாவது நடந்தால் கூப்பிடப்படும் கோட்) சேர்த்து, விண்டோ க்ளோசிங் மெத்தடில் ஜேஆப்ஷன்பேன் வழியாக “வெளியேற வேண்டுமா?” என்று கேட்கிறேன். பதில் ‘இல்லை’ என்றால் அங்கேயே ரிட்டர்ன். மற்றபடி சிஸ்டம் எக்ஸிட், அதாவது ப்ரோக்ராமையே நிறுத்து. இவ்வளவுதான் கோட்.

டயலாக் சரியாக வருகிறது. ஆனால் ‘இல்லை’ அழுத்தினாலும் விண்டோ காணாமல் போகிறது. அதைவிடக் கொடுமை, ஐகானைச் சொடுக்கித் திரும்பத் திறந்தால் டேட்டாபேஸ் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை வருகிறது. அண்ணன் கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் செய்துதான் அடுத்த பில் போடுகிறார். டயலாக் போடாமல் இருந்தபோதே பரவாயில்லை என்கிறார் மாமா.

பழையபுலி · 9:31

தம்பி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஜாவாடபிள்யூ (உங்கள் ஜாவா ப்ரோக்ராமை ஓட்டுவது) என்று ஒன்று உயிரோடு உட்கார்ந்திருக்கும். உங்கள் விண்டோ மூடவில்லை, ஒளிந்துகொண்டிருக்கிறது.

ஸ்விங்கில் விண்டோவுக்குப் பெயர் ஜேஃப்ரேம். அதற்கு மூடும்போது என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அது தானாக வைத்துக்கொள்ளும் பழக்கம் ஹைட் ஆன் க்ளோஸ். அதாவது திரையிலிருந்து மறை, ஆனால் சாகாதே. உங்கள் லிஸனரை அது கேட்கும். ஆனால் அனுமதி வாங்குவதற்காகக் கேட்பதில்லை, தகவல் சொல்வதற்காகக் கூப்பிடுகிறது. லிஸனர் ஓடி முடிந்ததும் தன் வழக்கமான வேலையைச் செய்துவிட்டுப் போய்விடும். நீங்கள் ‘இல்லை’ அழுத்தி ரிட்டர்ன் ஆனதை அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது. ஒளிந்த ப்ராசஸ் எச்2 கோப்பைப் பூட்டிக் கையில் வைத்திருப்பதால் அடுத்தது உள்ளே வர முடியவில்லை.

செட் டிஃபால்ட் க்ளோஸ் ஆபரேஷனில் டு நத்திங் ஆன் க்ளோஸ் கொடுங்கள். பெருக்கல் குறியை அழுத்தினால் ஃப்ரேம் தானாக ஒன்றும் செய்யாது. மூடுவதா இல்லையா என்பது முழுக்க உங்கள் லிஸனரின் பொறுப்பு. ‘ஆம்’ என்றால் விண்டோவை ஒழிக்க நீங்களே டிஸ்போஸ் கூப்பிடுங்கள்.

இணையத்தில் பலர் இதற்கு எக்ஸிட் ஆன் க்ளோஸ் போடச் சொல்வார்கள். போடாதீர்கள். அதுவும் லிஸனர் முடிந்த கையோடு ப்ரோக்ராமையே நிறுத்திவிடும். ‘இல்லை’ அழுத்தினாலும் வெளியேறும்.

கல்லாப்பெட்டி · 9:58

புலி அண்ணா, ஒரே வரியில் சரியாகிவிட்டது! மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இப்போது இன்னொன்று கவனித்தேன். டயலாக் வந்ததும் எஸ்கேப் அழுத்தினால் ப்ரோக்ராம் வெளியேறிவிடுகிறது. டயலாக்கின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினாலும் அதே கதி. பயந்துபோய் எஸ்கேப் அழுத்துகிற ஆள்தான் நம்ம அண்ணன்.

வெண்பலகை · 10:20

உங்கள் முதல் பதிவிலேயே காரணம் இருக்கிறது. “இல்லை என்றால் ரிட்டர்ன், மற்றபடி எக்ஸிட்.” அந்த ‘மற்றபடி’யில்தான் ஆபத்து. ஷோ கன்ஃபர்ம் டயலாக் திருப்பித் தருவது இரண்டு பதில்கள் அல்ல. ஆம் என்றால் 0, இல்லை என்றால் 1, ரத்து என்றால் 2, ஒன்றையும் தேர்ந்தெடுக்காமல் டயலாக்கையே மூடிவிட்டால் -1. எஸ்கேப்பும் இந்த -1தான். உங்கள் கணக்கில் -1 ‘இல்லை’ அல்ல, அதனால் வெளியே தள்ளிவிட்டது.

நிபந்தனையைத் திருப்பி எழுதுங்கள். தெளிவாக ‘ஆம்’ வந்தால் மட்டும் மூடு, வேறு எது வந்தாலும் இரு. எதையாவது இழக்கவைக்கும் பாதைக்கு எப்போதும் வெளிப்படையான சம்மதம் வேண்டும்.

கூடவே இரண்டு சின்ன விஷயம். டயலாக்குக்கு முதல் ஆர்குமென்ட்டாக நல் (ஒன்றுமில்லை) கொடுத்திருந்தால் ஃப்ரேமையே கொடுங்கள். நல் கொடுத்தால் டயலாக் சில நேரம் பெரிய விண்டோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். முன்னால் இருப்பது எதையும் அழுத்த முடியாது, பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கடைக்காரர் ‘ஹேங் ஆயிடுச்சு’ என்று உங்களுக்கு போன் போடுவார். அப்புறம், என்டர் தட்டினால் எந்த பட்டன் அழுந்தும் என்று பாருங்கள். ஆம் இல்லை டயலாக்கில் ஆம்தான் முன்னால் நிற்கும். பில் போடுகிறவர் விரல் நாள் முழுக்க என்டரில்தான் இருக்கும்.

மூன்றாமாண்டு · 10:41

இழையைத் திருப்புகிறேன் என்று நினைக்காதீர்கள், எனக்கும் இதே மாதிரி டிகிண்டரில் (பைத்தானின் விண்டோ லைப்ரரி) இருக்கிறது. கல்லூரி ப்ராஜெக்ட். ப்ரோட்டோகால் மெத்தடில் டபிள்யூஎம் டெலீட் விண்டோ என்று கொடுத்து என் ஃபங்ஷனை இணைத்தேன். ப்ரோக்ராமை ஓட்டியதுமே “சேமிக்கவா?” என்று கேட்கிறது, இன்னும் விண்டோவே வரவில்லை! அதோடு ‘ரத்து’ அழுத்தினாலும் சேமிக்காமல் மூடுகிறது. ஆஸ்க் யெஸ் நோ கேன்சல் பயன்படுத்துகிறேன்.

வெண்பலகை · 10:49

முதல் பிரச்சினை: ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டிருப்பீர்கள். அடைப்புக்குறி போட்டால் அந்த வரி ஓடும்போதே ஃபங்ஷனும் ஓடிவிடும். அது திருப்பித் தந்ததைத்தான் இணைக்கிறீர்கள். பெயரை மட்டும் கொடுங்கள். சமையல்காரரின் முகவரியைக் கேட்டால் சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்த கதை.

இரண்டாவது: அந்த ஃபங்ஷன் ஆம் என்றால் ட்ரூ, இல்லை என்றால் ஃபால்ஸ், ரத்து என்றால் நன் (ஒன்றுமில்லை) தரும். நீங்கள் ‘நாட்’ போட்டுச் சோதித்திருப்பீர்கள். பைத்தானுக்கு நன்னும் பொய், ஃபால்ஸும் பொய். ரத்தும் இல்லையும் ஒன்றாகிவிட்டன. முதலில் நன்னா என்று பாருங்கள், நன் என்றால் ரிட்டர்ன். அப்புறம் மற்றது.

ப்ரோட்டோகாலைக் கையில் எடுத்துவிட்டால் டெஸ்ட்ராய் கூப்பிடுவதும் உங்கள் வேலை. மறந்தால் விண்டோ என்றைக்கும் மூடாது.

மூன்றாமாண்டு · 10:55

இரண்டும் அதேதான். நன்றி சார். (சாரா மேடமா என்று தெரியவில்லை.)

வெண்பலகை · 10:56

மேடம்.

பழையபுலி · 11:30

ஒரே இரவில் இரண்டு பேர் இரண்டு மொழியில் ஒரே குழியில் விழுந்திருக்கிறார்கள். அதனால் அடியில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது புரிந்தால் எந்த லைப்ரரிக்குப் போனாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

மூடுவது என்பது இரண்டு தனித்தனி நிகழ்ச்சி. ஒன்று ‘மூடச் சொல்லி ஒருவர் கேட்கிறார்’. இன்னொன்று ‘மூடியாகிவிட்டது’. நடுவில் இருக்கும் இடைவெளிதான் நமக்குக் கேள்வி கேட்கக் கிடைக்கும் ஒரே இடம்.

விண்டோஸில் பெருக்கல் குறியை அழுத்தினால் ப்ரோக்ராமுக்கு டபிள்யூஎம் க்ளோஸ் என்ற செய்தி வரும். இது வெறும் வேண்டுகோள். நீங்கள் கண்டுகொள்ளாமல் விண்டோஸின் வழக்கமான டெஃப் விண்டோ ப்ராக்குக்குத் தள்ளிவிட்டால் அது டெஸ்ட்ராய் விண்டோவைக் கூப்பிடும். அதற்கப்புறம் டபிள்யூஎம் டெஸ்ட்ராய் வரும். அங்கே போஸ்ட் க்விட் மெசேஜ் போட்டால் செய்திகளை வாங்கிக்கொண்டே இருக்கும் மெசேஜ் லூப் முடியும், ப்ரோக்ராம் நிற்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டபிள்யூஎம் டெஸ்ட்ராயில் “சேமிக்கவா?” என்று கேட்கும் கோடை எழுதினேன். விண்டோ போன பிறகு அந்தரத்தில் ஒரு டயலாக் மட்டும் நின்று “சேமிக்கவா?” என்று கேட்டது. எதைச் சேமிக்க? திரையில்தான் ஒன்றுமே இல்லையே, ‘ரத்து’ என்று சொல்லித் திரும்பவும் வழியில்லை.

லினக்ஸில், விண்டோக்களைத் திரையில் காட்டும் எக்ஸ்11 பக்கம் இன்னும் சுவாரஸ்யம். அங்கே விண்டோவின் பட்டையையும் பெருக்கல் குறியையும் பெரும்பாலும் வரைவது விண்டோ மேனேஜர் என்கிற வேறொரு ப்ரோக்ராம். அழுத்தினால் அது நம் ப்ரோக்ராமுக்கு டபிள்யூஎம் டெலீட் விண்டோ என்று சீட்டு அனுப்பும். தம்பி டிகிண்டரில் கொடுத்தாரே, அந்தப் பெயர் இங்கிருந்து வந்ததுதான். விண்டோஸிலும் மேக்கிலும் டிகிண்டர் அதே பெயரை வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சீட்டை வாங்கிக்கொள்வேன் என்று ப்ரோக்ராம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் விண்டோ மேனேஜருக்கு வேறு வழி கிடையாது, இணைப்பையே வெட்டிவிடும்.

ஜிடிகே3 என்ற லைப்ரரியில் டெலீட் ஈவென்ட்டுக்கு ட்ரூ திருப்பித் தந்தால் விண்டோ மூடாது, ஃபால்ஸ் தந்தால் மூடும். தலைகீழாக இருக்கிறதே என்று எல்லாரும் ஒருமுறையாவது குழம்புவார்கள். ட்ரூ என்றால் ‘இதை நான் பார்த்துக்கொண்டேன், நீ போ’ என்று படியுங்கள், குழப்பம் தீரும். க்யூடி லைப்ரரியில் க்ளோஸ் ஈவென்ட்டில் அக்செப்ட் அல்லது இக்னோர். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஃபார்ம் க்ளோசிங்கில் கேன்சலை ட்ரூ ஆக்க வேண்டும். பெயர்தான் வேறு, எல்லாம் அந்த ஒரே இடைவெளி.

சாளரத்தார் · சனி காலை 6:05

அருமையான விளக்கம். ஆனால் ‘சாளரம்’ என்று ஒரு நல்ல சொல் இருக்க, எதற்கு எல்லாரும் ‘விண்டோ’?

பழையபுலி · 6:40

ஐயா, சாளரம் எனக்கும் பிடிக்கும். ஆனால் கடையில் போய் “சாளரத்தை மூடுங்கள்” என்றால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்கள்.

மின்தடை · 10:15

நான் மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதுகிற ஆள். நல்ல இழை, ஆனால் ஒருவரும் தொடாத ஒன்று இருக்கிறது. மூடச் சொல்லிக் கேட்பது எப்போதும் மனிதர்தானா?

சில வருடம் முன்னால் ஒரு அலுவலகத்துக்கு விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஒரு ப்ரோக்ராம் செய்து கொடுத்தேன். ஃபார்ம் க்ளோசிங்கில் எதைப் பற்றியும் யோசிக்காமல் “சேமிக்கவா?” என்று மெசேஜ் பாக்ஸ். ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போனது. யூபிஎஸ்ஸில் பேட்டரி இறங்க, அதனோடு வரும் மென்பொருள் விண்டோஸுக்கு ஷட்டவுன் கொடுத்திருக்கிறது. விண்டோஸ் ஒவ்வொரு ப்ரோக்ராமாகப் போய்க் கேட்டது. என் ப்ரோக்ராம் “சேமிக்கவா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டது. ஆள் வீட்டுக்குப் போய்விட்டார். இருட்டு அறையில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொருவரின் பதிலுக்காகக் காத்திருந்து பேட்டரியைத் தின்று தீர்த்தது. காலையில் டேட்டா கோப்பு உடைந்திருந்தது. தப்பு யூபிஎஸ் மேல் இல்லை, என் மேல்தான்.

அந்த ஈவென்ட்டில் க்ளோஸ் ரீசன் என்று ஒன்று வருகிறது. யூசர் க்ளோசிங், விண்டோஸ் ஷட்டவுன், டாஸ்க் மேனேஜர் க்ளோசிங், அப்ளிகேஷன் எக்ஸிட் கால் என்று காரணத்தைப் பிரித்துச் சொல்லும். யூசர் என்றால் மட்டும் கேளுங்கள். ஷட்டவுன் என்றால் கேள்வி வேண்டாம், இருப்பதை ஒரு தற்காலிக இடத்தில் எழுதிவிட்டு வழிவிடுங்கள். விண்டோஸ் இதற்காக நமக்குத் தருவது சில நொடிகள்தான். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, வழிவிடாத ப்ரோக்ராமின் பெயரை ஒரு திரையில் போட்டு, வலுக்கட்டாயமாக அணைத்துவிடவா என்று பயனரிடமே கேட்கும். அங்கே நம் டயலாக் தெரியவே தெரியாது.

கல்லாப்பெட்டி · 10:50

மின்தடை அண்ணா, ஜாவாவில் இதற்கு ஷட்டவுன் ஹுக் (ப்ரோக்ராம் நிற்கும்போது ஓடும் கோட்) போட்டால் போதுமா? அதில் டயலாக் காட்டலாமா?

வெண்பலகை · 11:12

ஹுக்கில் டயலாக் கூடவே கூடாது. அது ஓடும்போது ஜேவிஎம் (ஜாவா ப்ரோக்ராமை ஓட்டும் இயந்திரம்) ஏற்கெனவே மூட்டை கட்டிக்கொண்டிருக்கும். திரை வேலைகளைப் பார்க்கும் ஸ்விங்கின் ஈவென்ட் த்ரெட்டை நம்பிக் காத்திருந்தால் டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடுவது) ஆகலாம். ஹுக்குக்குள் சிஸ்டம் எக்ஸிட் கூப்பிட்டால் அப்படியே உறைந்துவிடும். சட்டென்று எழுதி முடிக்கிற வேலைக்கு மட்டும்தான் அது. வலுக்கட்டாயமாகக் கொன்றால் அதுவும் ஓடாது.

எச்2 பயன்படுத்துகிறீர்கள் என்றதால் ஒன்று சொல்கிறேன், நான் இதில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன். எச்2-வும் தன் பங்குக்கு ஒரு ஷட்டவுன் ஹுக் வைத்திருக்கிறது, ஜேவிஎம் நிற்கும்போது டேட்டாபேஸை மூட. ஹுக்குகள் எந்த வரிசையில் ஓடும் என்று உத்தரவாதமே கிடையாது, எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். உங்கள் ஹுக் எழுதப் போகும்போது டேட்டாபேஸ் ஏற்கெனவே மூடியிருக்கலாம். என் கம்ப்யூட்டரில் பத்து முறையில் ஒன்பது முறை சரியாக ஓடியது, அதனால்தான் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது. டேட்டாபேஸோடு இணைக்கும் கனெக்ஷன் யூஆர்எல்லில் டிபி க்ளோஸ் ஆன் எக்ஸிட்டை ஃபால்ஸ் ஆக்கி, எழுதி முடித்ததும் நீங்களே மூடுங்கள்.

கல்லாப்பெட்டி · ஞாயிறு இரவு 8:30

எல்லாவற்றையும் செய்தேன். மெனுவில் இருந்த ‘வெளியேறு’ நேராக எக்ஸிட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதையும் இப்போது விண்டோ க்ளோசிங் ஈவென்ட்டை அனுப்பும்படி மாற்றிவிட்டேன். எந்த வாசல் வழியாகப் போனாலும் ஒரே கேள்வி.

வெறும் “வெளியேற வேண்டுமா?”வுக்குப் பதில் மூன்று பட்டன் வைத்தேன்: ‘சேமி’, ‘சேமிக்காதே’, ‘ரத்து’. இன்று கடையில் கொடுத்துப் பார்த்தேன். அண்ணன் டயலாக்கைப் பார்த்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். “தம்பி, ரத்துன்னா பில்லு கேன்சல் ஆயிடுமே?” என்கிறார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதே ப்ரோக்ராமில் ‘பில் ரத்து’ என்று நானே ஒரு மெனு வைத்திருக்கிறேன்!

சொல்வனிதை · 9:05

இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். இன்டர்ஃபேஸ் தமிழாக்கம் செய்கிற எங்களுக்குத் தினப்படி வரும் சங்கடம் இது. ‘கேன்சல்’ என்பதை எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு ‘ரத்து’ என்று போட்டுவிடுகிறார்கள். ரயில் டிக்கெட்டை ரத்து செய்வார்கள், கல்யாணத்தை ரத்து செய்வார்கள், பில்லையும் ரத்து செய்வார்கள். இங்கே ரத்தாவது மூடும் முடிவு மட்டும்தான் என்பது எழுதியவருக்குத் தெரியும். கல்லாவில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

கேள்வியையும் பாருங்கள். “பில் சேமிக்கப்படவில்லை. வெளியேற வேண்டுமா?” என்று போட்டு ஆம், இல்லை வைத்தால், நம் ஊர் வழக்கத்தில் முதல் வாக்கியத்துக்கே ‘ஆமா, சேமிக்கலை’ என்று ஆம் போடுகிறவர் உண்டு. பட்டனில் பதிலை எழுதாதீர்கள், செயலை எழுதுங்கள். கேள்வியைப் படிக்காமல் பட்டனை மட்டும் படித்தாலே புரிய வேண்டும், ஏனென்றால் ஒருவரும் கேள்வியைப் படிப்பதில்லை.

என் யோசனை: ‘பில்லுக்குத் திரும்பு’, ‘எடுத்து வைத்துவிட்டு மூடு’, ‘பில்லை அழித்துவிட்டு மூடு’. நீளம்தான், பரவாயில்லை. டயலாக்கில் இடம் தாராளமாக இருக்கிறது.

‘சேமி’யா ‘சேமிக்கவும்’மா என்றும் கேட்பார்கள். பட்டன் என்பது மனிதர் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கட்டளை, அதனால் ‘சேமி’ போதும். ‘சேமிக்கவும்’ என்றால் கம்ப்யூட்டர் நமக்குச் சொல்வது மாதிரி, அரசாங்கப் படிவம் போல் இருக்கும்.

வெண்பலகை · 9:21

இதைச் செய்ய ஷோ ஆப்ஷன் டயலாக் இருக்கிறது. உங்கள் சொற்களை ஒரு ஸ்ட்ரிங் வரிசையாகக் கொடுக்கலாம், எது முதலில் தேர்வாகியிருக்க வேண்டும் என்பதையும் கடைசி ஆர்குமென்ட்டில் சொல்லலாம். ‘பில்லுக்குத் திரும்பு’வை அங்கே வையுங்கள், என்டர் பிரச்சினையும் தீரும். திரும்பி வருவது வரிசையில் எத்தனையாவது என்ற எண். எஸ்கேப்புக்கு வழக்கம்போல் -1.

எழுத்து சின்னதாகத் தெரிந்தால் ஸ்விங்கின் தோற்றத்தைக் கவனிக்கும் யூஐ மேனேஜரில் டயலாக்கின் மெசேஜ் ஃபான்ட், பட்டன் ஃபான்ட் இரண்டையும் நிர்மலா யூஐக்கு மாற்றுங்கள்.

கேட்காதவன் · 11:48

எல்லாரும் மன்னிக்கவும். மூன்று நாளாக எல்லாரும் கேள்வியை எப்படி அழகாகக் கேட்பது என்று பேசுகிறீர்கள். எதற்காகக் கேட்க வேண்டும்?

இந்த டயலாக்கை அண்ணன் ஒரு நாளைக்கு ஐந்து முறை பார்த்தால், இரண்டு வாரத்தில் அவருடைய கைக்கு அது பழகிவிடும். கண் பார்க்கும் முன் விரல் அழுத்தும். மெக்கின்டாஷ் திட்டத்தை 1979-இல் ஆப்பிளில் தொடங்கிவைத்த ஜெஃப் ராஸ்கின் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்பது பழக்கமாகிவிட்டால் அது எதையும் காப்பாற்றாது, செய்ததைத் திரும்பப் பெறும் வசதிதான் காப்பாற்றும். 2011-இல் மேக் ஓஎஸ் லயன் தானாகச் சேமிக்கும் வசதியைக் கொண்டுவந்ததும் இந்த வழிதான். மூடினால் மூடட்டும், திறந்தால் விட்ட இடத்தில் திறக்கட்டும்.

பதினாலு வரி போனது டயலாக் இல்லாததாலா? அந்தப் பதினாலு வரியும் மெமரியில் மட்டும் இருந்ததால். மின்தடை சொன்ன கதையில் எந்த டயலாக் காப்பாற்றியிருக்கும்? ஒவ்வொரு வரி அடித்ததும் எழுதிவிடுங்கள். தீர்ந்தது.

மின்தடை · திங்கள் காலை 7:20

சொல்வது சரி, ஆனால் பில்லிங்கில் அவ்வளவு சுலபமில்லை. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 2017 விதிகளில் 46-ஆவது விதி. பாதி பில்லை எல்லாம் தானாகச் சேமித்து எண் கொடுத்துக்கொண்டே போனால், முடிக்காமல் விட்டதெல்லாம் வரிசையில் ஓட்டை. ஆடிட்டர் கேட்டால் மாமா என்ன சொல்வார்?

கேட்காதவன் · 7:44

வரைவுக்கு எதற்கு எண்? தனி டேபிள். வரிகள், வாடிக்கையாளர் பெயர், கடைசியாகத் தொட்ட நேரம், அவ்வளவுதான். ‘அச்சிடு’ அழுத்தும்போதுதான் பில் டேபிளுக்கு மாறும், அப்போதுதான் எண் பிறக்கும், அதே ட்ரான்ஸாக்ஷனில் (எல்லாம் சேர்ந்து நடக்கும், இல்லாவிட்டால் எதுவும் நடக்காது) வரைவு அழியும். எச்2 கமிட் ஆனதை (உறுதியாக்கியதை) டிஸ்க்கில் எழுத அதிகபட்சம் அரை நொடி எடுத்துக்கொள்ளும். கரண்ட் போனால் கடைசி வரி ஒன்று போகலாம், பதினாலு போகாது.

மின்தடை · 7:50

எண் அச்சிடும்போதுதான் பிறக்கும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பழையபுலி · 8:30

நானும் ஒத்துக்கொள்கிறேன், ஒரே ஒரு திருத்தத்தோடு. கேள்வியை மொத்தமாக ஒழிக்க முடியாது. டேட்டாபேஸ் எழுத முடியாமல் போனால், டிஸ்க் நிறைந்துவிட்டால், அப்போது கேட்டே ஆக வேண்டும். இன்று பேசியதை வைத்து லிஸனருக்குள் இப்படி வரும். ஜாவாவில் தம்பி எழுதிக்கொள்வார்.

மூடச் சொன்னால்:
— ஏற்கெனவே மூடிக்கொண்டிருக்கிறோமா? திரும்பு.
— பில்லில் ஒரு வரியும் இல்லையா? கேட்காமல் மூடு.
— வரைவு டேபிளில் எல்லாம் எழுதியாகிவிட்டதா? கேட்காமல் மூடு.
— எழுத முடியவில்லையா? காரணத்தைச் சொல்லிக் கேள். தெளிவாக ‘அழித்துவிட்டு மூடு’ வந்தால் மட்டும் மூடு.

முதல் வரி எதற்கு என்று கேட்பீர்கள். பொறுமையில்லாதவர் பெருக்கல் குறியைப் படபடவென்று நாலு தட்டு தட்டுவார்.

எலெக்ட்ரான்காரி · 1:15

டெஸ்க்டாப் ஆப் எலெக்ட்ரானில் (வலைப்பக்கக் கோடை வைத்து ஆப் செய்யும் கருவி) செய்கிறவர்கள் இந்த இழைக்கு வந்தால்: ப்ரௌசரில் பழகிய பிஃபோர் அன்லோடை (பக்கத்தை மூடும் முன் வரும் ஈவென்ட்) அப்படியே நம்பாதீர்கள். ப்ரௌசர் அதற்கு ஒரு டயலாக் காட்டும். எலெக்ட்ரான் எதுவும் காட்டாமல் மூடுவதை மட்டும் நிறுத்திவிடும். பயனர் அழுத்திக்கொண்டே இருப்பார், விண்டோ கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கும். க்ளோஸ் ஈவென்ட்டில் ப்ரிவென்ட் டிஃபால்ட் (வழக்கமாக மூடுவதைத் தடு) போட்டுவிட்டு டயலாக்கை நீங்களே காட்டுங்கள். பதிலுக்குக் காத்திருக்கும் அவெய்ட்டுக்கு முன்னாலேயே அந்தத் தடையைப் போட வேண்டும். பதில் வந்த பிறகு போட்டால் அதற்குள் விண்டோ போயிருக்கும். மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப்பின் க்ளோசிங் ஈவென்ட்டிலும் இதே கதைதான், கேன்சலை முதலில் ட்ரூ ஆக்கிவிட்டு அப்புறம் காத்திருங்கள்.

கல்லாப்பெட்டி · செவ்வாய் இரவு 10:10

வரைவு டேபிள் போட்டாயிற்று. நடுவில் ஒரு தலைவலி: டிஸ்போஸ் ஆன பிறகும் ஜாவாடபிள்யூ சாகவில்லை. யாராவது?

வெண்பலகை · 10:18

எங்காவது ஜாவா யூடில் டைமர் வைத்திருக்கிறீர்களா? அதன் த்ரெட் டீமனாக (ப்ரோக்ராம் நிற்பதைத் தடுக்காத பின்னணி வேலை) இல்லாவிட்டால் ஜேவிஎம்மை நிற்கவிடாது.

கல்லாப்பெட்டி · 10:24

ஆமாம், மேலே கடிகாரம் காட்ட. ஸ்விங் டைமருக்கு மாற்றினேன், போய்விட்டது. மேடம், நீங்கள் எப்படித்தான் பார்க்காமலே சொல்கிறீர்களோ.

கல்லாப்பெட்டி · அடுத்த ஞாயிறு இரவு 9:00

ஒரு வாரம் ஓட்டியாயிற்று. டயலாக் ஒருமுறைகூட வரவில்லை. வியாழக்கிழமை கரண்ட் போனபோது அண்ணன் ஒன்பது வரி போட்டிருந்தார். திரும்பத் திறந்ததும் ஒன்பதும் அப்படியே வந்து நின்றன. மாமா இரண்டு நாளாக என்னைத் திட்டவில்லை.

ஆனால் நேற்று ஒரு புதுக் கூத்து. வெள்ளிக்கிழமை ஒருவர் விலை கேட்டுவிட்டு ‘அப்புறம் வர்றேன்’ என்று போயிருக்கிறார். அண்ணன் அப்படியே மூடிவிட்டார். சனிக்கிழமை காலை திறந்ததும் அந்த வரைவு முன்னால் வந்திருக்கிறது. கவனிக்காமல் அதன் கீழேயே புது வாடிக்கையாளரின் சாமானை அடித்துப் பில் போட்டுவிட்டார். வந்தவர் ஒரு லிட்டர் தின்னர் வாங்க வந்தவர், பில்லில் மூன்று டப்பா எனாமலும் இருக்கிறது. அவரே பார்த்துச் சொல்லியிருக்கிறார், நல்லவேளை.

இப்போது திறக்கும்போது “பழைய பில் ஒன்று பாதியில் இருக்கிறது, தொடரவா?” என்று கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

கேட்காதவன் · 9:07

கேட்காதே.

சொல்வனிதை · 9:15

அவர் அப்படித்தான் சொல்வார். புது பில்லை வெறுமையாகவே திறங்கள். பழையதை ஓரத்தில் ஒரு சின்னப் பட்டியலாகக் காட்டுங்கள், ‘நேற்று மாலை, 3 வரி’ என்று நேரத்தோடு. வேண்டுமென்றால் அவர் தொடுவார். தலைப்புக்கு ‘நிலுவை’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், கடன் பாக்கி என்று நினைத்து வசூலுக்குக் கிளம்பிவிடுவார்.

கல்லாப்பெட்டி · 9:19

ஐயோ, ‘நிலுவை’ என்றுதான் டைப் செய்துகொண்டிருந்தேன்.